அருள் வந்த வெள்ளிக்கிழமை

கண்ணை மூடி உட்காருவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. நமக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதை நாம் சொல்ல முடியாது. சுற்றி நிற்பவர்கள்தான் முடிவு செய்வார்கள். இதை எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தருவதில்லை. நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, வேப்பமரத்தடியில், மஞ்சள் சேலையில். (இதைப் படித்ததுமே உங்களில் பாதிப் பேருக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை என்பதுதான் கதையே.)

என் பெயர் முனீஸ்வரி. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பத்தில் பிறந்து, ராமநாதபுரத்துக்கு வாக்கப்பட்டு, திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். நண்டுக் கம்பெனி என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கடலிலிருந்து வருகிற நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, சின்னக் கத்தியால் சதையை நார் பிரியாமல் எடுத்து டப்பாவில் அடைத்தால் அது கப்பலேறிப் போகும். உடைப்பது எல்லாம் பெண்கள். வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி, காலுக்கு ரப்பர் பூட்ஸ். வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் நண்டு வாசம் நிற்கும். என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில், "உன் கையால சாப்பிட்டா தனியாக் கொழம்பு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அதைப் பாராட்டு என்று நான் நீண்ட நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மற்றவர்களோடு சேர்ந்து நானும் சில வருஷம் நண்டு உடைத்தேன். பிறகு ஒருநாள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் என்பதற்காக என்னை அந்தக் கூடத்துக்கே இன்சார்ஜ் ஆக்கினார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தலை கனத்துவிட்டது. கழுத்தில் ஒரு விசில் மாட்டிக்கொண்டேன். வேலை நேரத்தில் பேச்சுக் கூடாது என்றேன். (நண்டு உடைக்கிற பெண்களிடம் பேசாதே என்பது, கடலிடம் அலை அடிக்காதே என்று சொல்வதற்குச் சமம்.) யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதல் டேபிள், ரெண்டாம் டேபிள் என்று எண் வைத்துக் கூப்பிட்டேன். ஏதோ ஒரு வீடியோவில் பெரிய தொழிற்சாலையில் அப்படிக் கூப்பிடுவதைப் பார்த்திருந்தேன். அது இயந்திரங்களுக்கு வைத்த எண் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

விளைவு, சிலர் சொல்லாமல் கொள்ளாமல் தொண்டிப் பக்கம் புதிதாகத் திறந்த இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். எங்கள் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

இங்கே மேனேஜரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் அருள். தூத்துக்குடிக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். எதிரில் நின்றால் எங்கள் பெண்கள் "அருள் சார், அருள் சார்" என்று உருகுவார்கள். வாசலில் அவர் கார்ச் சத்தம் கேட்டதும் தங்களுக்குள், "ஏய், அருள் வந்துருச்சு, ஃபோனை உள்ள வை" என்பார்கள். மேலதிகாரியை முதுகுக்குப் பின்னால் அஃறிணையாக்குவது எங்கள் பக்கத்தில் சம்பளத்தோடு சேர்ந்து வருகிற உரிமை. நானும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தேன். இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

"முனீஸ்வரி, இன்னும் நாலு பேர் போனாங்கன்னா கூடத்தையே மூடணும். ஆடி முடியட்டும், பார்ப்போம். சரிப்படலைன்னா நீங்க பழையபடி டேபிளுக்கே போயிருங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். பழைய டேபிளுக்குப் போவது பெரிய விஷயமில்லை. எண் வைத்துக் கூப்பிட்ட அதே ஆட்கள் நடுவில் போய் உட்கார வேண்டுமே!

"தலைமை அலுவலகத்துல ஒரு ட்ரெயினிங் அனுப்பியிருக்காங்க. ஃபோன்லயே பாத்துக்கலாம். சும்மா பாருங்க."

சும்மாவா பார்த்தேன்! மிளகாய்ப் பழத்தை வெயிலில் காய வைக்கிற சிரத்தையோடு பார்த்தேன். நல்ல தலைவராக வேண்டுமானால் வேலைக்கு நடுவே அவ்வப்போது மைண்ட்ஃபுல்னெஸ் பிரேக் எடுக்க வேண்டுமாம். மெத்தென்ற குரலில் ஒரு பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே போனார். மரத்தடி மாதிரி அமைதியான இடத்தில் உட்காருங்கள். இறுக்கமாக இருப்பதையெல்லாம் தளர்த்துங்கள். வெறுங்காலைத் தரையில் ஊன்றுங்கள். கண்ணை மூடுங்கள். மூக்கால் மூச்சை இழுத்து வாயால் 'உஸ்ஸ்' என்று சத்தத்தோடு விடுங்கள். உடம்பில் அரிப்பு வந்தால் சொறியாதீர்கள், அதைக் கவனியுங்கள். யார் என்ன பேசினாலும் குறுக்கிடாதீர்கள், காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்தேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தொடங்குவது என்று முடிவெடுத்தேன். நல்ல காரியத்தை வெள்ளிக்கிழமை தொடங்குவதுதானே வழக்கம்.

அது ஆடி வெள்ளி. காலையில் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகி, மஞ்சள் சேலை கட்டி, ஈரத்தலையைத் தொப்பிக்குள் அமுக்கிக்கொண்டு வந்திருந்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் கோட்டைக் கழற்றிவிட்டு, ஐஸ் உடைக்கிற கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தடிக்குப் போனேன். இறுக்கமாக இருப்பதையெல்லாம் தளர்த்த வேண்டுமே. தொப்பியைக் கழற்றினேன். கொண்டையை அவிழ்த்தேன். ஈர முடி முதுகெல்லாம் பரவியது. பூட்ஸைக் கழற்றினேன். சம்மணம் போட்டுக் கண்ணை மூடி, 'உஸ்ஸ்ஸ்' என்று ஆரம்பித்தேன்.

என் சொந்த அத்தைக்கு வருஷா வருஷம் முளைப்பாரியின்போது சாமி வரும். தலைவிரி கோலமாக, வேப்பிலையோடு, இதே 'உஸ்ஸ்' தான். சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அப்படியும் அன்றைக்கு என் மண்டைக்கு அது எட்டவில்லை பாருங்கள். ட்ரெயினிங் அந்த அளவுக்கு உள்ளே இறங்கியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் காலில் சுருக்கென்றது. சிவப்பெறும்பு. சொறியக் கூடாது, கவனிக்க வேண்டும். கவனித்தேன். அது கெண்டைக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறுவதைக் கவனித்தேன். அதன் சொந்தக்காரர்கள் பின்னாலேயே வருவதையும் கவனித்தேன். உடம்பு தன்னால் இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியது. மூச்சு வேகமாகியது.

கொட்டகைப் பக்கம் டிபன் பாக்ஸ் விழுந்து உருளும் சத்தம்.

"ஏடி, இங்கன வாங்கடி! இந்தப் புள்ள உக்காந்திருக்க கோலத்தப் பாருங்க!"

குரல் யாருடையது என்று தெரிந்தது. ரெண்டாம் டேபிள். அதாவது பாக்கியம் அக்கா. திருப்பாலைக்குடிக்காரி, கடலுக்குப் போகிற குடும்பம், கூடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்.

"தலைய விரிச்சுப் போட்டு உஸ்ஸு உஸ்ஸுங்குது!"

"ஆடுது பாருடி, லேசா ஆடுது!"

எறும்பு இந்த நேரம் பார்த்துத் தொடையில் ஒரு கடி கடித்தது. நான் ஒரு துள்ளுத் துள்ளினேன்.

"அடியே!" என்று பாக்கியம் அக்கா அலறினார். "அருள் வந்துருச்சுடி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அருள் வந்துவிட்டதா! சாப்பாட்டு நேரத்திலா! நான் பயிற்சி செய்கிறேனா இல்லையா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார். இப்போது போய்க் கண்ணைத் திறந்தால், இவள் அரைகுறையாகச் செய்கிறாள் என்றல்லவா நினைப்பார்? முதுகை நிமிர்த்தினேன். இரண்டு கையையும் முழங்கால் மேல் விரித்து வைத்தேன். கொட்டகை அதிர 'உஸ்ஸ்ஸ்! உஸ்ஸ்ஸ்!' என்று விட்டேன்.

"ஆத்தாடி, நல்லா வந்துருச்சு!"

(அவர் வந்தவுடன் என் மூச்சு நன்றாக வந்துவிட்டதைப் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.)

அப்போது இன்னொரு குரல் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தது. மும்தாஜ் அக்கா. பெரியபட்டினத்தில் பிறந்து தொண்டியில் வாக்கப்பட்டவர். எல்லா நோய்க்கும் கைவசம் ஒரு வைத்தியம் வைத்திருப்பவர்.

"அருளுக்கு இப்பிடியா உடம்பு ஆடும்? காக்கா வலிப்புடி இது! அல்லாவே, இப்பிடித் தூக்கித் தூக்கிப் போடுதே. கையில இரும்பக் குடுங்கடி!"

வலிப்பா? அருள் சாருக்கா? தூத்துக்குடியிலிருந்து வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிற மனிதர், எங்கள் கம்பெனி வாசலில் விழுந்து துடிக்கிறாரா? நான் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேனா? பயிற்சியாவது ஒன்றாவது என்று கண்ணைத் திறக்கப் போன அந்த வினாடி, யாரோ என் கைக்குள் எதையோ திணித்தார்கள். சில்லென்று இருந்தது. நண்டுக் கத்தி.

எதற்கு அருள் சாருக்குக் கொடுக்க வேண்டிய கத்தியை என் கையில் கொடுக்கிறார்கள்? யோசிக்க நேரமில்லை. அதைத் திணித்தவர் அவசரத்தில் வெட்டுகிற பக்கத்தை உள்ளங்கையில் வைத்து என் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். நான் உதட்டை அசைக்காமல், "அக்கா, கூர் பக்கம்" என்று முனகினேன். ஒரு கணம் அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு கத்தியைத் திருப்பிச் சரியாக வைத்தது.

இப்போது கண்ணைத் திறந்திருப்பேன், சத்தியமாக. ஆனால் பாக்கியம் அக்கா முந்திக்கொண்டார். சாயங்காலம் கோயிலுக்குப் போக வைத்திருந்த பையிலிருந்து ஒரு பிடி திருநீற்றை அள்ளி என் முகத்தில் வீசினார். கண், மூக்கு, திறந்திருந்த வாய், எல்லாம் சாம்பல். கண் எரிந்து இமை ஒட்டிக்கொண்டது. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"ஆத்தா அழுகுறாடி! ஏதோ கொற இருக்கு அவளுக்கு!"

என் காலில் தொப்பென்று ஒரு தலை விழுந்தது.

"தாயே! எங்கள விட்டுக் கோவிச்சுக்கிறாத தாயே!"

அப்போதுதான், திருநீறு அடைத்த என் மண்டைக்குள் எல்லாம் ஒரேயடியாக வெளிச்சமானது. வந்தது அந்த அருள் இல்லை. இந்த அருள். வந்திருப்பது என் மேல்!

"அக்கா, நான்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டையில் சாம்பல். 'ஹ்ஹா...ங்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. எனக்கே பயமாக இருந்தது. சுற்றிலும் குலவை கிளம்பியது.

"ஒரு வாக்குக் கேக்கணும் தாயி" என்றார் பாக்கியம் அக்கா. "நாங்க அம்புட்டுப் பேரும் வார திங்கக்கெழம இந்தக் கம்பெனிய விட்டுட்டுத் தொண்டிக்குப் போறதா இருக்கோம். போகவா, வேணாமா? நீதான் சொல்லணும்."

எறும்பு கடிப்பது நின்றுவிட்டதா, எனக்குத்தான் உறைக்கவில்லையா, தெரியாது. அம்புட்டுப் பேருமா! காலையில் என்னிடம் "வணக்கம் மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர்கள்!

"எங்க மேலயும் தப்புன்னு நெனச்சிராத தாயி. இந்தப் புள்ளதான், இப்ப நீ எறங்கியிருக்கியே, இதே புள்ளதான். படுத்துறபாடு தாங்கல. ஆட்டுக்குட்டிய ஓட்டுற மாதிரி விசில் ஊதுறா."

"பேச விடமாட்டேங்குறா தாயி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "பேசாம வேல பாத்தா கை ஓடுமா?"

"பின்னால வந்து நின்னுக்கிட்டுப் பிடரியில மூச்சு விடுறா!"

"பேத்த மீன் கணக்கா மொகத்த உப்ப வச்சுக்கிட்டு நிக்கிறா!" (தொட்டால் பந்து மாதிரி வீங்குமே, வலையில் வந்தால் ஒருத்தரும் சீந்தாமல் தூக்கி எறிவார்களே, அந்த மீன்.)

கூட்டம் சிரித்தது. சாமி முன்னால் சிரித்ததற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டது. யார் என்ன பேசினாலும் குறுக்கிடாதீர்கள் என்ற அந்தப் பயிற்சியாளரின் மெத்தென்ற குரல் என் காதுக்குள் ஓடியது. குறுக்கிட எனக்கு எங்கே வழி இருந்தது?

பாக்கியம் அக்காவின் குரல் இறங்கியது.

"அதெல்லாங்கூடப் பொறுத்துக்கலாம் தாயி. என் பேரு பாக்கியம். உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதா? ஒரே டேபிள்ல இடிச்சுக்கிட்டு ஒக்காந்து ஒடச்சோம். அவளுக்கு மசக்கையா இருந்தப்ப அவ பங்கையும் சேத்து ஒடச்சவ நான். இப்ப 'ரெண்டாம் டேபிள், ஏய் ரெண்டாம் டேபிள்'ங்குறா. எம் புருசன் வஞ்சாக்கூடப் பேரச் சொல்லித்தான் வைவான் தாயி."

இப்போது வழிந்த கண்ணீர் திருநீற்றால் இல்லை.

அந்தச் சங்கடத்திலேயே நான் கரைந்திருப்பேன். அதற்குள் மூக்கில் சூடம் எரிகிற வாசனை அடித்தது. முகத்தில் அனல் பட்டது.

"சூடத்தக் கையில வாங்கிட்டு வாக்குச் சொல்லு தாயி. போகவா, வேணாமா?"

என் அத்தை எரிகிற சூடத்தை அப்படியே வாயில் போட்டு விழுங்குவார். எனக்கோ டீ கொஞ்சம் சூடாக இருந்தாலே உதடு பொத்துவிடும். யாரோ என் இடது உள்ளங்கையை விரித்தார்கள். உயிர்ப் பயத்தில் தொண்டைச் சாம்பலையெல்லாம் தள்ளிக்கொண்டு குரல் கிளம்பியது.

"வேணாம்! வேணாம்! வேணாம்!"



"போக வேணாங்குறாடி ஆத்தா! மூணு வாட்டி சொல்லிட்டா!"

குலவைச் சத்தத்தில் வாசலில் கார் வந்து நின்றது யாருக்கும் கேட்கவில்லை.

"என்னம்மா நடக்குது இங்க?"

இந்தக் குரலை நான் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து நிற்பேன். பின்னாலிருந்து ஒரு பெண் பக்தியோடு, "சார், அருள் வந்திருக்கு சார்" என்றாள்.

"நான் வந்திருக்கது எனக்குத் தெரியாதா?"

கஷ்டப்பட்டு ஒரு கண்ணைத் திறந்தேன். கூட்டம் விலகியிருந்தது. எதிரில் அருள் சார். அவர் கண்ணில் பட்டதை நினைத்துப் பாருங்கள். ஈரத்தலை விரித்து, முகமெல்லாம் சாம்பல் பூசி, ஒற்றைக் கண்ணைத் திறந்து, கத்தியை நேராக அவர் வயிற்றுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் அவருடைய இன்சார்ஜ். மனிதர் வெளிறிப்போய் நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"முனீஸ்வரி... முதல்ல அந்தக் கத்தியக் கீழ வைங்க."

"பிரேக் சார்" என்றேன். "பிரேக் எடுத்துக்கிட்டு இருந்தேன் சார்."

தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பாக்கியம் அக்கா வந்து பக்கத்தில் நின்றார். அரிவாள்மணை மாதிரி நறுக்கென்று பேசுகிறவர், அன்றைக்கு முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"உண்மையச் சொல்லு. நாங்க பேசினது எதுவும் உனக்கு நெனப்பிருக்கா?"

கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது. இருக்கிறது என்று சொன்னால், பேத்தை மீனும் மசக்கையும் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அவரால் என் முகத்தைப் பார்க்க முடியாது. ஆத்தா தடுத்தாலும் ரோஷம் அவரைத் தொண்டிக்குக் கூட்டிப் போய்விடும். அவர் போனால் அத்தனை பேரும் போவார்கள். இல்லை என்று சொன்னாலோ, நினைவே இல்லை என்பதுதானே சாமி வந்ததற்கு அத்தாட்சி! வாழ்நாள் முழுக்க நான் அருள் வந்தவள்தான்.

"ஒண்ணுமே நெனப்பு இல்லக்கா. கண்ண மூடினேன், அம்புட்டுத்தான் தெரியும்."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். எந்தப் பயிற்சியாளரும் அப்படி ஒரு மூச்சைக் கேட்டிருக்க மாட்டார்.

திங்கட்கிழமை நான் விசில் இல்லாமல் போனேன். "பாக்கியம் அக்கா, இந்த நண்டு கொஞ்சம் ஓடு எறுக்கமா இருக்கு, பாருங்க" என்றேன். மேஜையில் எல்லாக் கத்தியும் நின்றது. கொஞ்ச நேரத்தில் பேச்சுத் தொடங்கியது. ஒருத்தருடைய மருமகளில் தொடங்கி இன்னொருத்தருடைய மாமியார் வரைக்கும் போனது. யாரும் தொண்டிக்குப் போகவில்லை. ஆனால் அதற்கான பேர் எனக்கு வரவில்லை. "பாத்தியாடி, ஆத்தா ஒரு வாட்டி எறங்கினா, இவ எப்பிடித் திருந்திட்டா பாரு" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

அருள் சாரோ, மைண்ட்ஃபுல்னெஸ் பிரேக்கினால் எங்கள் கூடத்தில் ஆள் போவது நின்றுவிட்டது என்று தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் வீடியோ காலில் என்னை அனுபவம் சொல்லச் சொன்னார்கள். "கண்ண மூடி உக்காந்தா, நம்மளப் பத்தி நமக்குத் தெரியாததெல்லாம் காதுல விழும் சார்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த மெத்தென்ற குரல்காரர், இது ரொம்ப ஆழமான கருத்து என்றார்.

இப்போது அந்த வேப்பமரத்துக்கு மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள். ஆடி வெள்ளிக்குப் பொங்கல் உண்டு. அன்றைக்கு அருள் சார் மட்டும் மதியத்துக்கு மேல்தான் கம்பெனிக்கு வருவார். வீட்டில் நான் எதற்காவது குரலை உயர்த்தினால் என் வீட்டுக்காரர் கைகட்டி நின்று, "மலையேறிரு தாயி, சூடம் வேணுமா?" என்பார். பிள்ளைகள் இரண்டும் "வேணாம்! வேணாம்! வேணாம்!" என்று கோரஸ் போடும்.

எல்லாரும் நம்புகிறார்கள், ஒருத்தரைத் தவிர.

போன வாரம் மும்தாஜ் அக்கா என்னிடம் வந்தார். பெரியபட்டினத்தில் தங்கச்சி மகள் நிக்காஹ்வாம், ரெண்டு நாள் லீவு வேண்டுமாம். சரக்கு நிறைய வந்து கிடக்கிறது, இந்த வாரம் முடியாதுக்கா என்றேன். அவர் கோபப்படவில்லை. கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பாக்கியம் அக்கா பக்கத்து மேஜையில்தான் இருந்தார். பிறகு என் காதுப் பக்கம் குனிந்து, உதட்டை அசைக்காமல் சொன்னார்:

"அக்கா, கூர் பக்கம்."

மூன்று நாளாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.